கொல்லையில் காய்த்துக் கொட்டுகிறது, என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் பயமும் வந்தது. நீங்கள் குளிர்நாட்டுக்கு வந்து எட்டு மாதம். முதல் கோடை. வாடகை வீட்டின் பின்னால் முன்பிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தோட்டத்தில் தக்காளி, சுக்கினி, பீன்ஸ், மிளகாய், பூண்டு எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டுகிறது. என்ன சமைப்பது, குளிர்காலத்துக்கு எப்படி எடுத்து வைப்பது, பிள்ளைகளோடு சேர்ந்து இதிலேயே ஏதாவது கைவேலை செய்யலாமா, பகுதிநேர வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

வேலைக்குப் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள், அதை விடுங்கள். சமையலும் பெரிய விஷயமில்லை. சுக்கினி சுரைக்காயின் ஒன்றுவிட்ட தங்கை. ஒரு சாண் நீளத்துக்குள் பறித்தால் கூட்டு, பொரியல், அடை எதற்கும் வரும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் முழங்கை நீளமாகி, உள்ளே விதையும் பஞ்சும்தான் மிஞ்சும். தண்ணீர் விடும் காய் என்பதால் உப்பைக் கடைசியில் போடுங்கள். அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வந்தது "பீன்ஸை பாட்டிலில் போட்டு, குக்கரில் நாலு விசில் விட்டு மூடி வைத்தால் ஒரு வருஷம் நிற்கும் என்று தெரிந்த அக்கா சொன்னார்" என்ற வரியைப் பார்த்துத்தான். அந்த அக்காவுக்கு நல்ல மனசு. ஆனால் செய்யாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி, காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் விஷத்தை உண்டாக்கும். மூடிய பாட்டிலுக்குள் பீன்ஸ் என்பது அதற்கு மாமியார் வீட்டு விருந்து. 100 டிகிரியில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் அது உறங்கிக் கிடக்கும் கெட்டியான வடிவமான வித்து சாகாது. வித்தைக் கொல்ல 116 முதல் 121 டிகிரி வரை சூடு வேண்டும், அதுவும் குறித்த நேரம் முழுக்க. நம் குக்கர் சின்னது, சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். விசில் வரும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இறங்கும். பாட்டிலின் நடுவில் எத்தனை டிகிரி போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பதப்படுத்துவதற்கென்றே அழுத்தமானி வைத்த பெரிய பாத்திரம் தனியாக விற்கிறது, அது வேறு சாமான். விஷம் உருவான பாட்டிலில் நாற்றமோ நிறமாற்றமோ இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டில் வாசிக்கப் போன வாத்தியக்காரர்கள் உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு, அவர்களில் மூன்று பேர் இறந்து போனார்கள். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

"எங்க பாட்டி இதெல்லாம் பார்த்தாளா, நாங்க உயிரோட இல்லையா" என்று ஒரு கூட்டம் வரும். பாட்டி பார்த்தாள். அவள் ஊறுகாயில் புளிப்பு இருந்தது, கை நிறைய உப்பு இருந்தது, வெயில் இருந்தது. பீன்ஸை வேக வைத்து உப்பில்லாமல் காற்றுப்புகாமல் அடைத்து அவள் அலமாரியில் வைக்கவில்லை. இங்கே வந்ததும் பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைப்போம், கொழுப்புக்குப் பயந்து எண்ணெயைக் குறைப்போம், வெயிலுக்குப் பதில் ஜன்னலோரம் வைப்போம், பிறகு "ஊறுகாய் ஏன் பூத்துப் போச்சு" என்று கேட்போம்.

பீன்ஸுக்கு வழி உறைய வைப்பதுதான். காம்பு கிள்ளி விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிஷம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் இன்னொரு 3 நிமிஷம். இந்தக் கொதிநீர்க் குளியலைத் தவிர்த்தால் காயிலுள்ள நொதிகள் உறைபெட்டிக்குள்ளும் மெதுவாக வேலை செய்து, இரண்டு மாதத்தில் வைக்கோல் வாசனை வந்துவிடும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்த பின்தான் பையில் கொட்ட வேண்டும். நேராகப் பையில் போட்டால் செங்கல்லாக ஒட்டிக்கொள்ளும், உடைக்கச் சுத்தியல் தேடுவீர்கள். மிளகாய்க்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், கழுவித் துடைத்து முழுசாகப் போடலாம். தக்காளியும் அப்படியே: உறைந்ததைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிடும்.

தக்காளியைப் பாட்டிலில்தான் போடுவேன் என்றால் போடலாம், ஒரு நிபந்தனையோடு. தக்காளி புளிப்புதானே என்று நினைப்போம், ஆனால் அதன் புளிப்பு எல்லைக் கோட்டில் நிற்கிறது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளியோ 4.3-லும் இருக்கும், நன்றாகக் கனிந்தது 4.6-ஐத் தாண்டியும் போகும். அதனால் அரை லிட்டர் பாட்டிலுக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டருக்கு 2. கடையில் பாட்டிலில் விற்கும் சாறுதான் வேண்டும், அதில் புளிப்பு ஒரே அளவில் இருக்கும். பிழிந்த பழத்தில் அந்த நிச்சயம் கிடையாது. சிட்ரிக் அமிலம் என்றால் அரை லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும்.

தோலுரித்து நசுக்கிய தக்காளியை 5 நிமிஷம் கொதிக்க விட்டு, சூடாகவே ஊற்றி, மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விடுங்கள். விளிம்பைத் துடையுங்கள். ஒரு விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. இந்தப் பாட்டிலின் மூடி இரண்டு துண்டு: தட்டை மூடி, அதைப் பிடிக்கும் திருகு வளையம். தட்டை மூடியை வைத்து வளையத்தை விரல் நுனியால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். பாட்டிலுக்கு மேல் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிற மாதிரிப் பெரிய பாத்திரத்தில், அடியில் கம்பித் தட்டோ துணியோ போட்டு, அரை லிட்டர் என்றால் 35 நிமிஷம், ஒரு லிட்டர் என்றால் 45. தண்ணீர் மறுபடி தளதளத்த பிறகுதான் நேரம் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்றால் 5 நிமிஷம் கூட்டுங்கள், 900 மீட்டரைத் தாண்டினால் இன்னும் கூட்ட வேண்டும். மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் பிடிக்கவில்லை, குளிர்பெட்டியில் வைத்து அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். வளையம் மறுபடி உதவும், தட்டை மூடி ஒரு தடவைக்குத்தான்.

தக்காளித் தொக்கை இந்த முறையில் அடைக்காதீர்கள். அது கெட்டி, பூண்டும் எண்ணெயும் வேறு. சூடு நடுவரைக்கும் போய்ச் சேருமா என்பது சந்தேகம். டப்பாவில் இரண்டு விரல் இடம் விட்டு உறைய வையுங்கள். உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்பு மேடையில் அழகுக்கு வைப்பதும் அதே ஆபத்துதான்: குளிர்பெட்டியில் 4 நாள், அதற்கு மேல் என்றால் உறைபெட்டி.

இன்னொன்று, நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. சுக்கினி கசந்தால் துப்புங்கள். பாகற்காய் தின்று வளர்ந்த நாக்கு நமக்கு, கசப்பு உடம்புக்கு நல்லது என்று விழுங்கிவிடுவோம். இது அந்தக் கசப்பில்லை. குக்குர்பிடாசின் என்ற நஞ்சு, வேக வைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்பு சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். அழகுக்கு வளர்க்கும் சுரை வகைகளோடு மகரந்தம் கலந்த காயின் விதையை எடுத்து மறு வருஷம் போட்டால் இப்படி வரும். அதனால் சுக்கினிக்கு மட்டும் வருஷா வருஷம் விதையை வாங்கிப் போடுங்கள். சமைக்கும் முன் ஒவ்வொரு காயிலும் நுனியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அதே போல, வேலியோரம் சிவப்புத் தண்டும் விசிறி அளவு இலையுமாக நிற்பது ருபார்ப். தண்டைச் சர்க்கரை போட்டு வேக வைக்கலாம். இலையைப் பார்த்ததும் கீரை என்று கை போகும், அது நஞ்சு, தொடாதீர்கள். எதைக் கண்டாலும் மசியல் ஆக்கும் பழக்கத்தைக் குளிர்நாட்டில் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும்.

வற்றல் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டு வெயில் கண்ணுக்குத்தான் வெயில். 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, தொடர்ந்து சில நாள் இருந்தால்தான் வெளியில் காயும். இல்லையென்றால் ஓவனில் 60 டிகிரி, கதவை இரண்டு விரல் திறந்து வைத்து, அரை சென்டிமீட்டர் வில்லைகளாக; 6 மணி நேரத்தில் பார்க்க ஆரம்பியுங்கள், தக்காளிக்கு 12 மணி நேரமும் ஆகும். காய்ந்ததைக் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் மறுபடி ஓவனுக்கு.

கைவேலைக்கு வருவோம். பிள்ளைகளோடு என்றால் புதினா, துளசி வகைக் கொத்து கட்டுவதுதான் சுலபம். கொத்துக்கு 5 அல்லது 6 தண்டு, நூலால் கட்டாமல் ரப்பர் பேண்டு போடுங்கள். தண்டு காய்ந்து சுருங்கும்போது நூல் தளர்ந்து கொத்து கீழே விழும், ரப்பர் கூடவே சுருங்கும். மிளகாய் மாலை கோக்கும்போது ஊசியைச் சதையில் குத்தாமல் காம்பில் குத்துங்கள். சதையில் துளை விழுந்தால் ஈரம் அங்கே தங்கி உள்ளே கறுத்து அழுகும். தோல் மெலிந்த மிளகாய்தான் மாலைக்கு, குடைமிளகாய் மாதிரி சதைப்பற்றானது காய்வதற்கு முன் கெட்டுவிடும். கையுறை போட்டே கோக்க வேண்டும், பிள்ளைகளை இந்த வேலைக்கு விட வேண்டாம்.

பார்க்க அழகாக, கொடுத்தால் வாங்குகிறவர் முகம் மலர்வது பூண்டுப் பின்னல்தான். ஆனால் முதலில் பூண்டின் கழுத்தைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் குச்சி மாதிரி கடினமாக ஒன்று தட்டுப்பட்டால் அதைப் பின்ன முடியாது, பத்து பத்தாகச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட வேண்டியதுதான். கழுத்து மெத்தென்று இருந்தால் பின்னலாம். அடி இலைகள் மூன்று நான்கு காய்ந்ததும் தோண்டி எடுங்கள், கழுவக் கூடாது, மண்ணைத் தட்டிவிட்டு நிழலில் ஒரு வாரம் வாட விடுங்கள். இலை துவண்டு, உடையாமல் வளையும் பதம்தான் சரி. ரொம்பக் காய்ந்துவிட்டால் ஈரத்துண்டால் இலையை மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள். மூன்று பூண்டைச் சேர்த்துக் கழுத்தில் சணல் கட்டி, தலை பின்னுவது போலவே ஆரம்பித்து, ஒவ்வொரு முறை நடுக்காலுக்கு வரும்போதும் புதுப் பூண்டு ஒன்றை அதோடு சேர்த்துப் பிடியுங்கள். 12 பூண்டு வந்ததும் வெறும் இலையை ஒரு சாண் பின்னி, மடக்கி, வளையமாகக் கட்டினால் முடிந்தது. இன்னும் மூன்று வாரம் காற்றாடும் இடத்தில் தொங்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், ஆவி பட்டு முளைவிடும். எடுக்கும்போது மேலிருந்து, ஒரு விரல் அகலக் காம்பை விட்டு வெட்டினால் பின்னல் குலையாது.

எல்லாவற்றையும் பின்னிக் கொடுத்துவிடாமல், பருத்த பூண்டாக நாலைந்தை ஒதுக்கி வையுங்கள். தரை உறைவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் பல் பல்லாகப் பிரித்து, தோல் உரிக்காமல், கூர் மேலே பார்க்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், சாணுக்கு ஒன்றாக ஊன்றி, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுங்கள். பனி மூடினாலும் தோண்டிப் பார்க்காதீர்கள். அந்தக் குளிர் பட்டால்தான் பல் பிரிந்து முழுப் பூண்டாகும்.