சின்னக் குழந்தைகள் வீட்டை அலங்கோலமாக்குவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எங்கள் பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு இன்னும் இரண்டு நிறையவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்குத் தாராளமாக உண்டு. எழுதி முடிக்க விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

கறை வேறு, இறைத்துப் போடுவது வேறு. பொம்மைகளும் கிழித்த காகிதமும் இரவு வரை தரையில் கிடந்தால் எதுவும் கெட்டுவிடாது. பகல் முழுக்க அவற்றைப் பொறுக்கினால் இடுப்பு ஒடிவதுதான் மிச்சம். கூடை நிறைந்த மறு நிமிடமே கவிழ்த்துவிடுவார்கள். நான் எழுந்து ஓடுவது கறை பிடிக்கிற பொருளுக்கும் வாய்க்குள் போகிற பொருளுக்கும் மட்டுமே. குறிப்பாகப் பொம்மையிலிருந்தோ ரிமோட்டிலிருந்தோ கழன்று விழும் பட்டன் பேட்டரி. தொண்டைக்குக் கீழே சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று ஐயம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனி கறைகள். துணியில் பால் கொட்டினால் ஒற்றி எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் பாலிலுள்ள புரதம் இழையோடு இறுகிவிடும். மாவு கொட்டினாலோ ஈரத்துணியைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பசையாகிவிடும், முதலில் பெருக்கி அள்ள வேண்டும். சுவரில் கிரேயான் கிறுக்கல் என்றால் அது மெழுகு, வெறும் தண்ணீருக்கு அசையாது. ஈரத்துணியில் சமையல் சோடாவைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஆத்திரத்தில் அழுத்தித் தேய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். துணியில் பட்ட பால்பாயிண்ட் மைக்குச் சானிடைசர் தோய்த்த பஞ்சால் ஒற்றுவதே போதும்.

மெத்தையில் சிறுநீர் போனால் நன்றாக ஒற்றிவிட்டு, நீர் கலந்த வினிகரைத் தெளித்து, மேலே சமையல் சோடாவைத் தூவிக் காயவிடுகிறேன். நாற்றம் போகவில்லையே என்று பிளீச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறுநீரோடு சேர்ந்தாலும் நச்சுவாயுதான்.

சின்னவன் கோப்பையைச் சாய்ப்பதைக் கிட்ட இருந்து கவனித்திருக்கிறேன். பால் மேசைமேல் நாக்குப் போல நீளும், விளிம்பில் சற்றுத் தயங்கும், பிறகு சொட்டும். அவன் குனிந்து தரையைப் பார்ப்பான், நிமிர்ந்து கோப்பையைப் பார்ப்பான், ஒற்றை விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவான். முகத்தில் குறும்பே இருக்காது, அவ்வளவு கவனம். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தம் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்தே இதைப் பற்றி எழுதினார்: ஏறக்குறைய 12 முதல் 18 மாதம் வரை, ஒரே பொருளை விதவிதமாகப் போட்டு என்ன ஆகிறது என்று குழந்தை சோதிக்கிறது. அவர் வீட்டில் தரையைத் துடைத்தது யாரோ!

ஆகவே திட்டிப் பயனில்லை. அளவைக் குறைப்பதே வழி. கோப்பையில் இரண்டு வாய்க்கு மேல் ஊற்றுவதில்லை. ஊற்றி விளையாடும் ஆசைக்குக் குளியலறையில் ஓர் அகலப் பாத்திரமும் இரண்டு குவளைகளும் உண்டு. பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருப்பேன். பொம்மைகளில் பாதி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அவ்வப்போது மாற்றி இறக்கினால் பழையதே புதிதாகிவிடுகிறது. பெரியவளிடம் "எல்லாவற்றையும் எடுத்து வை" என்றால் மலைத்து நிற்பாள். "சிவப்புக் கட்டைகளை மட்டும் இந்தப் பெட்டியில் போடு" என்றால் ஓடிப்போய்ப் போடுவாள், நீலத்தையும் கேட்பாள்.

இத்தனையும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் எந்த உத்தியும் ஒரு வாரம் தாங்காது. எங்கள் வீட்டில் பகல் கறைகள் என் பொறுப்பு, இரவில் பொறுக்குவது கணவர் பொறுப்பு. அவர் நிறமெல்லாம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி மூடிவிடுகிறார். நான் கண்டுகொள்வதில்லை.