சாட் எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வெப்சைட்டிலும் ஆப்பிலும் சாட் வசதி சேர்ப்பது பற்றி வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை பலர் கேட்டவை கீழே. பெரும்பாலோர் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது), சாக்கெட்.ஐஓ (செய்தியை உடனுக்குடன் கொண்டுபோகும் லைப்ரரி), என்ஜின்எக்ஸ் (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை உள்ளே அனுப்புவது) வைத்து வேலை செய்பவர்கள். அதனால் பதில்களும் அவற்றை ஒட்டியே இருக்கின்றன.

வண்ணாரப்பேட்டை: எம்.சி. ரோட்டில் புடவைக் கடை, சார். வெப்சைட்டில் சாட் வேணும். தெரிந்த பையன் புதிதாக எழுதித் தருகிறேன் என்கிறான். எழுதச் சொல்லலாமா?

கடையில் பதில் சொல்லப்போவது எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். ஒரே ஆள் என்றால் வாட்ஸ்அப் லிங்க் போதும். லிங்க்கில் 91, அதை ஒட்டியே 10 இலக்க எண். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. மூன்று நான்கு பேர் மாறி மாறிப் பதில் சொல்கிறார்கள், யார் எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை சொன்னார் என்று தெரிய வேண்டும் என்றால் சாட்வூட் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைச் சொந்த சர்வரில் போடலாம். போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), ரெடிஸ் (நினைவகத்தில் ஓடும் வேகமான தரவுக் கிடங்கு) இரண்டும் அதற்கு வேண்டும். உங்கள் ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றோடும் சாட் பின்னிக் கிடந்தால் மட்டும் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

காசிமேடு: மீன் ஆர்டர் ஆப், அண்ணா. வாடிக்கையாளர் 'வஞ்சிரம் 2 கிலோ' என்று ஒரு தடவைதான் அனுப்புகிறார். கடைக்காரர் போனில் இரண்டு, சில நேரம் மூன்று தடவை வருகிறது. தனித்தனி ஆர்டர் என்று நினைத்து மீனை வெட்டிவிடுகிறார்கள்.

தம்பி, கோடைத் தொடும் முன் டேட்டாபேஸைத் திறந்து அந்தச் செய்தி எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நோய் எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரே வரிதான் இருக்கிறது, திரையில் மட்டும் இரண்டு மூன்று என்றால், 'கனெக்ட்' நிகழ்வுக்குள்ளேயே 'மெசேஜ்' லிஸனரையும் (செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதியிருப்பீர்கள். நெட் அறுந்து திரும்பச் சேரும் ஒவ்வொரு முறையும் இன்னொரு லிஸனர் ஏறிக்கொள்ளும். அதனால்தான் ஆப்பைத் திறந்ததும் ஒன்றாக வந்தது போகப் போகக் கூடுகிறது. லிஸனரை வெளியே ஒரே ஒரு முறை வையுங்கள். ரியாக்ட் என்றால் யூஸ்எஃபெக்ட் திருப்பித் தரும் க்ளீனப் ஃபங்ஷனில் 'ஆஃப்' போட்டுக் கழற்ற வேண்டும்.

டேட்டாபேஸிலேயே இரண்டு வரி என்றால் விஷயம் வேறு. செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, 'கிடைத்தது' என்ற பதில் திரும்பும் வழியில் சிக்னல் போயிருக்கிறது. வரவில்லை என்று நினைத்து ஆப் மறுபடி அனுப்பியிருக்கிறது. மறுபடி அனுப்புவது தப்பே இல்லை. அனுப்பாவிட்டால் ஆர்டரே தொலைந்துபோகும். தப்பு, மறு அனுப்பலைப் புதுச் செய்தியாக சர்வர் எடுத்துக்கொள்வதுதான். இதை இப்படிச் சரி செய்யுங்கள்:

அனுப்பு பட்டனைத் தொட்ட கணத்தில் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதனோடும் மோதாத தனி அடையாள எண்) உருவாக்கி, செய்தியோடு போனில் சேமித்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள். மறு முயற்சி எத்தனை நடந்தாலும் அதே ஐடிதான் போக வேண்டும். டேட்டாபேஸில் அந்த ஐடி இருக்கும் பத்திக்கு (column) யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள், அதே ஐடி இரண்டாவது வரியாக விழாது. சர்வர் முதலில் டேட்டாபேஸில் எழுதட்டும், அதன் பிறகே மற்றவர்களுக்குப் பரப்பட்டும், 'கிடைத்தது' சொல்லட்டும். அதே ஐடி மறுபடி வந்தால் பிழை காட்டாமல் பழைய பதிலையே திருப்பித் தரட்டும். சாக்கெட்.ஐஓ 4.6-இலிருந்து மறு முயற்சிக்கு 'ரீட்ரைஸ்' என்ற வசதி உண்டு. ஆனால் இரட்டிப்பைத் தடுக்கும் பொறுப்பு அப்போதும் உங்கள் சர்வருடையதுதான்.

வரிசைக்குப் போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். சர்வர் தரும் ஏறுவரிசை எண்ணை வையுங்கள். இணைப்பு திரும்பியதும் 'எனக்கு 418 வரை வந்திருக்கிறது' என்று போன் சொல்லட்டும், 419-இலிருந்து சர்வர் அனுப்பட்டும். சோதிக்க, அனுப்பு பட்டனைத் தொட்ட உடனே ஃப்ளைட் மோடு போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். இருபது தடவை செய்து இருபது வரி மட்டுமே விழுந்தால் ஆப்பைக் கடைக்காரர் கையில் கொடுக்கலாம்.

தண்டையார்பேட்டை: சாக்கெட்.ஐஓ இல்லாமல் வெறும் வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு). லோக்கலில் ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் யாரும் பேசாமல் இருக்கும்போது சரியாக ஒரு நிமிடத்தில் 1006 (முறையாக மூடாமல் அறுந்தது என்ற குறி) காட்டி அறுகிறது.

சரியாக ஒரு நிமிடம் என்பதிலேயே விடை இருக்கிறது. என்ஜின்எக்ஸில் 'ப்ராக்ஸி ரீட் டைம்-அவுட்' தானாக 60 விநாடி. அதற்குள் உள்ளிருக்கும் சர்வர் ஒரு பைட்டாவது அனுப்பாவிட்டால் வெட்டிவிடும். டைம்-அவுட்டை ஒரு மணி நேரமாக்குவது பாதி மருந்துதான். மொபைல் நெட்வொர்க்கும் சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டும். சர்வரிலிருந்து 25 விநாடிக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா' என்ற சிறு கேள்வி) அனுப்புங்கள், ப்ரவுசர் தானே பாங் சொல்லும். ப்ரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்டால் பிங் ஃப்ரேம் அனுப்ப முடியாது, அதனால் இது சர்வர் வேலை. இரண்டு பிங்குக்குப் பதில் இல்லையென்றால் இணைப்பை மூடிவிடுங்கள்.

மறு இணைப்பில் ஒரு கவனம்: சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாப் போனும் ஒரே விநாடியில் முட்டக் கூடாது. 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் ரேண்டம் கலந்துவிடுங்கள்.

ராயபுரம்: தமிழில் டைப் செய்யும்போது பாதிச் சொல்லிலேயே என்டர் செய்தியை அனுப்பிவிடுகிறது. 'கொடுவா' என்று தேடினால் சில செய்திகள் சிக்குவதில்லை.

தமிழ் எழுதுபவர்களுக்காகச் செய்யும் சாட்டில் இதை அலட்சியமாக விடக் கூடாது. கீபோர்டு இன்னும் சொல்லைக் கோத்துக்கொண்டிருக்கும்போது வரும் என்டரை நீங்கள் பிடித்துவிடுகிறீர்கள். நிகழ்வின் 'ஈஸ்-கம்போஸிங்' உண்மையாக இருந்தாலோ கீகோடு 229 ஆக இருந்தாலோ அனுப்பாதீர்கள். சஃபாரிக்காக இரண்டையும் பார்க்க வேண்டும்.

தேடல் தவறுவதற்குக் காரணம், 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள் (நார்மலைஸ்).

எழுத்து வரம்பு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். 'வஞ்சிரம்' நமக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் 8 என்கும், யூடிஎஃப்-8-இல் 24 பைட். பயனர் கண்ணுக்குக் காட்டும் எண்ணிக்கைக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் இன்டில் செக்மென்டரை வையுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் யூடிஎஃப்8எம்பி4 வேண்டும். பழைய மூன்று பைட் வகையில் தமிழ் நிற்கும், எமோஜி நிற்காது.

வியாசர்பாடி: சர்வரை இரண்டாக்கியதும் சாக்கெட்.ஐஓ 400 தருகிறது, 'செஷன் ஐடி அன்நோன்' என்கிறது.

சாக்கெட்.ஐஓ முதலில் லாங் போலிங்கில் (சாதாரணக் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும் வழி) தொடங்கிப் பிறகு வெப்சாக்கெட்டுக்கு ஏறும். முதல் கோரிக்கை ஒரு சர்வருக்கும் அடுத்தது இன்னொன்றுக்கும் போனால் இந்தப் பிழை வரும். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரில், ஒரே ஆளை ஒரே சர்வருக்கே அனுப்பும் ஸ்டிக்கி செஷன் போடுங்கள். ஒரு சர்வரில் இருப்பவர் பேசுவது மற்றதில் இருப்பவருக்குக் கேட்க ரெடிஸ் அடாப்டரும் வேண்டும்.

பெரம்பூர்: ப்ரவுசர் வெப்சாக்கெட்டில் ஹெடர் வைக்க முடியவில்லை. டோக்கனை (பயனர் யார் என்று காட்டும் குறி) யூஆர்எல்லில் போட்டால் பரவாயில்லையா?

வேண்டாம், அது சர்வர் லாகில் அப்படியே பதியும். குக்கீயில் வையுங்கள், அல்லது இணைந்ததும் முதல் செய்தியாக அனுப்பச் சொல்லி, 5 விநாடிக்குள் வராவிட்டால் மூடுங்கள். குக்கீ வழி என்றால் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைச் சர்வரில் கட்டாயம் சரிபாருங்கள். வெப்சாக்கெட்டை, வேறு தளக் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் ப்ரவுசரின் கார்ஸ் விதி தடுக்காது, எந்தத் தளத்திலிருந்தும் உங்கள் பயனர் பெயரில் இணைப்பு திறக்கலாம். யாராவது ஒரு ரூமில் சேரக் கேட்டால் அவர் அதன் உறுப்பினரா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். செய்திக்குள் யாராவது கோடு ஒளித்து வைத்தால் அது ஓடிவிடாமலிருக்க, செய்தியைத் திரையில் இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகப் போடாமல் டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாகப் போடுங்கள்.

கொருக்குப்பேட்டை: ஐபோனில் சாட் பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெரிதாகிறது.

இன்புட்டின் எழுத்தளவு 16 பிக்ஸலுக்குக் கீழே இருக்கிறது. 16 ஆக்குங்கள்.

திருவொற்றியூர்: ஆண்ட்ராய்டு ஆப்பைப் பின்னால் தள்ளினால் செய்தி வருவது நின்றுவிடுகிறது.

பின்னால் போன ஆப்பின் சாக்கெட்டை ஆண்ட்ராய்டு உயிரோடு விடாது, அதைப் பிடித்து வைக்க முயன்றால் பேட்டரிதான் கரையும். சாக்கெட்டில் ஆள் இல்லை என்றால் எஃப்.சி.எம். (கூகுளின் புஷ் நோட்டிஃபிகேஷன் சேவை) வழியாக ஹை ப்ரையாரிட்டியில் அனுப்புங்கள். அதன் வரம்பு 4096 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் நீளமான செய்தி முட்டிக்கொள்ளும். முதல் நூறு எழுத்தும் செய்தி ஐடியும் மட்டும் அனுப்பி, ஆப் திறந்ததும் மீதியைச் சர்வரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்ன அதே வரிசை எண் இங்கேயும் உதவும்.