எதிர்ச்சரிவுப் பள்ளிக்கு இணையம்: யார் பொறுப்பு?

கேள்வி: பாரத்நெட் திட்டத்தில் எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை இணையம் வந்துவிட்டது. எதிர்ச்சரிவிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதைக் கொண்டுசெல்லக் கருவிகள் வாங்கித் தர எங்கள் தொண்டு நிறுவனம் முன்வந்துள்ளது. அனுமதி தேவையா? எதில் கவனம் வேண்டும்?
– வாசகர் ஒருவர், கோத்தகிரி வட்டம்

பதில்: கம்பி இழுக்க வேண்டியதில்லை, இரு கூரைகளிலும் ஒன்றையொன்று நோக்கும் சிறு ஆண்டெனாக்கள் போதும். இவை இயங்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கு மத்திய அரசு 2018 அக்டோபரில் உரிம விலக்கு அளித்துவிட்டதால், வரம்புக்குட்பட்ட திறனில் இயங்கும், ஒப்புதல் பெற்ற கருவிக்குத் தனி உரிமம் கோர வேண்டாம். ஆனால் ஊராட்சியின் இணைப்பைப் பள்ளியுடன் பகிர்வதற்கு, இணைப்பை வழங்குவோரின் இசைவை எழுத்தில் பெறுங்கள்.

மூடுபனிக்குப் பலர் அஞ்சுகிறார்கள். இந்த அலைவரிசைக்கு அது பெரிய தடையன்று. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களே தடை. இன்று தெளிவாகத் தெரியும் எதிர்முனை சில ஆண்டுகளில் கிளைகளுக்குப் பின்னே மறைந்துவிடும் என்பதால், ஆண்டெனாவைச் சற்று உயரமாகவே பொருத்துங்கள்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களுடன் தொலைதூர வைஃபையால் இணைத்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளை அடிக்கடி கெடுத்ததையும், பழுதைக் கண்டறிய உள்ளூர் ஊழியர்களைப் பழக்குவது இன்றியமையாதது என்பதையும் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே மின்னழுத்தச் சீராக்கி, மின்கலம், மின்னல் தடுப்பான் ஆகியவற்றுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். (திறப்பு விழாப் பதாகைச் செலவைக் குறைத்தாலே ஒரு பகுதி தேறும்.)

கருவி எவருடைய இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதே என் பார்வையில் தலையாய கேள்வி. உங்கள் நிறுவனத்தின் சொத்தாகவே அது நீடித்தால், உங்கள் நிதிக்காலம் முடிந்தபின் அதைப் பழுதுபார்க்கப் பள்ளியோ ஊராட்சியோ அரசுப் பணத்தைச் செலவிடுவது கடினம். எனவே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, பள்ளி முனைக் கருவியைப் பள்ளிப் பதிவேட்டிலும் மறுமுனைக் கருவியை ஊராட்சிப் பதிவேட்டிலும் முதல் நாளே ஏற்றச் செய்யுங்கள். மின்கட்டணம் யாருடையது, மின்கலம் தேய்ந்தால் மாற்றுவது யார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலாகிச் செல்வார். ஆகவே பயிற்சியை ஊரிலேயே வசிக்கும் பெற்றோர் இருவருக்காவது அளியுங்கள். கடவுச்சொற்கள் உங்கள் ஊழியர் ஒருவரின் கைபேசியில் மட்டும் தங்கிவிடாமல், முத்திரையிட்ட உறையில் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும்.