பச்சை முட்டையா, வேகவைத்த முட்டையா?

கேள்வி: ஜிம்முக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. தினமும் காலையில் நான்கு முட்டையைப் பச்சையாகக் குடிக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். வேகவைத்தால் புரதம் அழிந்துவிடுமாம். எனக்குக் குமட்டுகிறது. குடித்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். நாளையிலிருந்தே வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள் பயிற்சியாளர் சொல்வதில் பாதி உண்மை. சூடு பட்டால் புரதத்தின் உருவம் கெடும். ஆனால் உருவம் கெடுவது வேறு, சத்து கெடுவது வேறு.

புரதத்தை ஒரு பூச்சரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்கள்தான் பூக்கள். பூவையும் பூவையும் சேர்க்கும் நார்முடிச்சு, பெப்டைடு பிணைப்பு. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அதன் சரத்தில் 385 பூக்கள். அந்தச் சரம் நீளமாகக் கிடக்காமல், மடிந்து சுருண்டு ஒரு பந்தாக இருக்கிறது. பந்தைக் கட்டிவைத்திருப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெலிந்த பிடிப்புகள்தான்.

அடுப்பில் வைத்தால் முதலில் விடுபடுபவை அந்தப் பிடிப்புகள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெள்ளைக்கருவின் புரதங்கள் ஒவ்வொன்றாக அவிழும். ஓவால்புமின் அவிழ 80 டிகிரி வரை ஆகும். அவிழ்ந்த சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் கண்ணாடிபோல இருந்த வெள்ளைக்கரு வெளுத்துக் கெட்டியாகிறது. நார்முடிச்சுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றை அறுக்க ஆய்வுக்கூடத்தில் வீரியமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 110 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். பத்து நிமிடக் கொதிநீருக்கு அந்த வலு கிடையாது.

முடிச்சை அறுப்பது நம் வயிற்றின் வேலை. இறுகிய பந்துக்குள் செரிமான நொதிகள் எளிதில் நுழைய முடியாது. அவிழ்ந்து கிடக்கும் சரத்தைச் சுலபமாக வெட்டிவிடும். 1998இல் பெல்ஜியத்தின் லூவனில் இதை அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். ஐந்தே பேரிடம் செய்த சிறிய ஆய்வு என்றாலும் வித்தியாசம் பெரியது. உங்கள் நான்கு முட்டையில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கும். பச்சையாகக் குடித்தால் அதில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதமும் உண்டு. பயோட்டின் வைட்டமினை அது இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. வெந்தால் அந்தப் பிடி பெருமளவு தளர்ந்துவிடும். சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தையும் மறக்க வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஆஃப்பாயில் பிடிக்குமென்றால், வெள்ளைக்கரு வெந்திருப்பதால் புரதக் கணக்கில் பெரிய நஷ்டமில்லை. கிருமி பயம் மட்டும் மஞ்சள்கருவில் மிச்சமிருக்கும். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு அதையும் தராதீர்கள்.

அதிக நேரம் வெந்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் பயப்படாதீர்கள். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்ததால் வந்த நிறம் அது, தாராளமாகச் சாப்பிடலாம்.