ஆர்டரும் நூல் விலையும் கப்பல் வாடகையும் ஒரே நேரத்தில் மாறினால் திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதியாளர் எப்படிச் சமாளிப்பது?

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்டர் ஏறி இறங்குவதில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நிறம்தான். வெள்ளையாகவே பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்துச் சாயமேற்றியே இத்தாலியின் பெனெட்டன் ஆடை நிறுவனம் பெயர் வாங்கியது. நீங்களும் சாயமேற்றாத துணியாகவே இருப்பு வையுங்கள். நிறம் உறுதியான பிறகு சாயப்பட்டறைக்கு அனுப்பலாம். பட்டறையில் முன்கூட்டியே இடம் பேசி வைக்காவிட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது.

நூலுக்கு ஒரே மில்லை நம்பக் கூடாது. 2022 மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது அடி வாங்கியவர்களுக்கு இது தெரியும். அதற்காக ஒரே ஆர்டரில் இரண்டு மில் நூலைக் கலந்துவிடாதீர்கள், சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஆர்டருக்கு ஒரு மில், வருடத்துக்கு இரண்டு மூன்று மில்.

அப்புறம் கப்பல். எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு மட்டும் நம்முடையது என்ற விலையில், விற்றால் வாடகை வாங்குபவர் தலையில்தானே என்பார்கள். பாதிதான் சரி. 2023 நவம்பரில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய பின், ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின; சுமார் 10 முதல் 14 நாள் கூடுதல். சரக்கு சேர்ந்த பிறகே பணம் என்றால் அத்தனை நாள் வட்டி உங்களுடையது. நீங்கள் தாமதித்து விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், அந்தச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அதனால் விலை பேசும்போதே பணம் வரும் நாளையும் சேர்த்துப் பேசுங்கள்.