மூன்று வரி முகவரி ஒரே வரியாக ஓடுவது ஏன்?

கே: டெலிவரி முகவரியை டெக்ஸ்ட்ஏரியாவில் (பல வரி அடிக்கும் பெட்டி) மூன்று வரியாக அடிக்கிறார்கள். டேட்டாபேஸிலும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் மட்டும் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் ஒரே வரியில் ஓடுகிறது. சேமிக்கும்போதே பிஆர் டேக் (எச்டிஎம்எல்லில் வரியை முறிக்கும் குறி) போட்டுவிடலாமா சார்? (வேளச்சேரி வாசகர்)

ப: வேண்டாம். எச்டிஎம்எல்லில் என்டரும் வெறும் இடைவெளிதான். எத்தனை சேர்ந்து வந்தாலும் பிரவுசர் ஒரே ஸ்பேஸாகச் சுருக்கிவிடும். உங்கள் டேட்டா சரியாகவே இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் வேலை பாக்கி. முகவரியைச் சுற்றியிருக்கும் டிவ் டேக்குக்கு சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஒயிட்-ஸ்பேஸ் என்பதற்கு ப்ரீ-லைன் கொடுங்கள். வரிகள் நிற்கும், கூடுதல் ஸ்பேஸ் சுருங்கும். ஸ்பேஸும் அப்படியே வேண்டுமென்றால் ப்ரீ-ராப். டெம்ப்ளேட்டில் டிவ் டேக்கையும் வேரியபிளையும் ஒட்டியே எழுதுங்கள். நடுவில் என்டர் விட்டால் முகவரிக்கு மேலே ஒரு வெற்று வரி வந்து நிற்கும்.

பிஆரோடு சேமித்தால் பின்னால் அவதி. அதே முகவரி எஸ்எம்எஸ்ஸுக்கும் கூரியர் லேபிளுக்கும் போகும்போது டேக் எழுத்தாகவே அச்சாகும். திருத்தும் பெட்டியிலும் வாடிக்கையாளர் கண்ணில் படும். என்டரை என்டராகவே வையுங்கள். எங்கே காட்டுகிறோமோ அங்கே மாற்றுங்கள்.

கே: லாராவெல் (பிஎச்பி கட்டமைப்பு) பிளேட் டெம்ப்ளேட்டில், என்டருக்குப் பிஆர் போடும் என்எல்2பிஆர் ஃபங்ஷனைப் போட்டால் பிஆர் என்பது திரையிலேயே தெரிகிறது. (அம்பத்தூர் வாசகர்)

ப: இரட்டை நெளிவு அடைப்புக்குள் போட்டிருப்பீர்கள். அது எல்லாவற்றையும் எஸ்கேப் செய்யும், அதாவது டேக்கை வெறும் எழுத்தாக்கிவிடும், உங்கள் பிஆரையும் சேர்த்து. முதலில் ஈ ஃபங்ஷனால் எஸ்கேப், அதன்மேல் என்எல்2பிஆர், பிறகு இரண்டு ஆச்சரியக்குறி போட்ட அடைப்பில் வெளியிடுங்கள். என்எல்2பிஆர் தானாக எதையும் எஸ்கேப் செய்யாது. ஈ-யை விட்டுவிட்டால் யாரோ அடித்த ஸ்கிரிப்ட் டேக் மற்றவர்களின் பிரவுசரில் ஓடும். இதில் மட்டும் அசட்டை கூடவே கூடாது.

கே: 160 எழுத்து வரம்பு. பிரவுசர் சரி என்கிறது, சர்வர் அதிகம் என்கிறது. (தாம்பரம் வாசகர்)

ப: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு என்டர் ஒரு எழுத்து. ஃபார்ம் சப்மிட் ஆகும்போது அது சிஆர், எல்எஃப் என்று இரண்டு வரிமுறிவுக் குறிகளாகிவிடும். ஐந்து என்டர் தட்டியவருக்கு ஐந்து கூடும். சர்வரில் எண்ணுவதற்கு முன் அந்த ஜோடியை எல்எஃப் மட்டுமாக மாற்றுங்கள். தமிழ் உரை என்றால் பிஎச்பியின் ஸ்டிரிங்லென் வேண்டாம். அது எண்ணுவது பைட்டை. 'சென்னை' யூடிஎஃப்-8-இல் 18 பைட். எம்பி-ஸ்டிரிங்லென் துணைக்குறி, புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 6 என்று சொல்லும். டெக்ஸ்ட்ஏரியாவின் கணக்கும் 6தான்.

கே: பிஎச்பி எக்கோவில் பேக்ஸ்லாஷ் என் (புது வரிக்கான குறி) அப்படியே அச்சாகிறது.

ப: பிஎச்பியில் ஒற்றை மேற்கோள் அதை மாற்றாது. இரட்டை மேற்கோள் போடுங்கள்.

கே: பல வரிக் குறிப்பை ஜாவாஸ்கிரிப்ட் வேரியபிளில் போட்டால் மொத்த ஸ்கிரிப்டும் நின்றுவிடுகிறது.

ப: சாதாரண மேற்கோளுக்குள் நிஜமான வரி முறிவு வந்தால் அது சின்டாக்ஸ் பிழை. பிஎச்பியின் ஜேசான்-என்கோட் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். மேற்கோளை அதுவே போட்டுத் தரும், நீங்கள் இன்னொரு ஜோடி சேர்க்க வேண்டாம்.