ரீகால் முடிக்காத பழைய காரை அமெரிக்காவில் விற்கலாமா?

தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த ஏர்பேக்குக்கான ரீகால் (குறையை இலவசமாகச் சரிசெய்யக் கார் கம்பெனி விடுக்கும் அழைப்பு) நிலுவையில் உள்ள காரை விற்பது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியார் விற்பனையைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. புதிய காரை அப்படி விற்க டீலருக்குத் தடை உண்டு. 35 கார்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களுக்கும் 2016 முதல் தடை. பழைய காரை விற்கும் டீலருக்கு மட்டும் அந்தக் கூட்டாட்சித் தடை கிடையாது, விநோதம்தான்!

அதற்காக மறைத்து விற்காதீர்கள். தெரிந்தே மறைத்தால் மாநிலச் சட்டப்படி வழக்கு வரலாம். தவிர, இது சின்னக் குறை இல்லை. ஏர்பேக்கை ஊதச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல வருடம் கிடந்து கெட்டுப்போகும். அப்புறம் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் முகத்தில் தெறிக்கலாம். உயிர்கள் போயிருக்கின்றன.

எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட காரின் அடையாள எண்ணை (வின்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் இருந்தால், உங்கள் கார் கம்பெனியின் டீலரே குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார். ரசீதை வாங்குபவரிடம் கொடுங்கள், பேரமும் சுலபமாகும்.